பால்மரத்துக்கு உறவான பூ

ஈப்போவிலிருந்து கம்பாரை நோக்கித் தெற்கே செல்லும் பழைய நெடுஞ்சாலையில் கோப்பெங் பட்டணத்தைக் கடந்து போகிறவர்கள், சுண்ணாம்புக் குன்றுகளையும் அவற்றுக்குப் பின்னால் நீலம் பாரித்து நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரையும் பார்த்துவிட்டு, இந்தப் பிரதேசம் ஆதிகாலந்தொட்டு இப்படியே பசுமையாக இருந்து வந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்வது இயல்பே. வாஸ்தவம் வேறு. உலகத்திலேயே வளம் மிகுந்த ஈயப்படுகைகளுள் ஒன்று என்று பெயர் வாங்கிய கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி, மனிதனுடைய கை புரட்டிப் போடாத மண் கொஞ்சமே. மலை ஓடைகளின் நீரைப் பெரிய இரும்புக் குழாய்களில் கீழே இறக்கி, அந்த நீரின் வேகத்தைக் கொண்டே மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்த கோப்பெங் கன்சாலிடேட்டட் போன்ற கம்பெனிகளும், உயர்ந்த மரச்சாரங்களின்மேல் சேற்றை ஓடவிட்டு ஈயமணலை அலசியெடுத்த சீனச் சுரங்க முதலாளிகளும், மேல்மண்ணை ஆற்றோடு போகவிட்டு, வெள்ளை மணல் திட்டுகளையும் ஆழமான குட்டைகளையும் நமக்கு மிச்சம் வைத்தார்கள். 1985-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சர்வதேச ஈயச் சந்தை சரிந்து விழுந்தபோது சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. குட்டைகள் நின்றபடியே இருந்துவிட்டன.

ஈயம் கிடைக்காத மேட்டு நிலங்களில் பால்மரம் வந்தது. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது, இதே பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில், ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோவின் வாசஸ்தலத்துத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த ஆதி நடவைச் சேர்ந்த ஒரு மரம் இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. அந்தக் கன்றுகளின் சந்ததி மலாயாவின் மேற்குக் கரையெங்கும் பரவியபோது, அதற்குப் பால்வெட்டத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த ஜனங்களின் சந்ததியும் அதன் நிழலிலேயே பரவிற்று. பத்துகாஜாவிலிருந்து கோப்பெங்குக்கு வரும் சாலையில், ஸ்காத்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் இறந்துபோனதால் முடிவு பெறாமல் நின்றுவிட்ட மாளிகையும், அதற்குச் சற்றுத் தூரத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலும் அந்தக் காலத்துக்குச் சாட்சியாக இருக்கின்றன. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, மக்கள் ஈப்போவின் தாமான் குடியிருப்புகளுக்கும் கோலாலம்பூரின் அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

இவ்வளவு புரட்டலுக்கு உள்ளான ஒரு பூமியில், ஊர்வாசிகளே முன்வந்து தங்கள் அண்டையிலுள்ள பசுமையான ஓர் இடத்தை மனிதருக்கும் மற்ற ஜீவராசிகளுக்கும் உகந்ததாகச் செய்துகொண்டார்கள் என்றால், அது விசேஷமாகப் பேசத்தக்க காரியம். பூங்கா என்றதும் நமக்கு நகராட்சி அமைத்த நடைபாதையும் வெட்டிவிட்ட புல்தரையும் சிமெண்ட் ஆசனமுமே மனத்தில் தோன்றுகின்றன. நான் சொல்லப் போவது அந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. கோப்பெங்கிலிருந்து மலையை நோக்கிக் கிழக்கே உள்ளே போனால் வரும் உலு கெரோ என்ற கிராமம், செமாய் என்னும் பூர்வகுடி மக்களுடைய ஊர். அங்கே யாரும் புல்தரை போடவில்லை; அலங்கார வாயில் கட்டவில்லை. இத்தனை காலமும் செய்துவந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் நிறுத்தியதும், அப்படி நிறுத்தியதிலிருந்தே ஒரு ஜீவனத்தை உண்டாக்கிக்கொண்டதுந்தான் அவர்கள் செய்த திருப்பணி.

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளுள் தொகையில் மிகுந்தவர்கள் செமாய் மக்கள். பேராக்கிலும் பகாங்கிலும் மலையடிவாரங்களிலும் உள்மலைகளிலும் வாழ்கிறவர்கள். அவர்களுடைய பாஷை மலாய் மொழியோடு சேர்ந்ததன்று. பர்மாவின் மோன், கம்போஜத்தின் கெமர் ஆகிய மொழிகளுக்குத் தூரத்து உறவானது. கோபத்தையும் கைகலப்பையும் வெட்கத்துக்குரியனவாக எண்ணுகிற அவர்களுடைய சுபாவத்தை அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் டென்டன் 1968-இல் ஒரு நூலாகவே எழுதினார். பெத்தாய்க் காயும் டுரியானும் மூங்கிலும் பிரம்புமாகக் காட்டிலிருந்து எடுத்து விற்பதும், மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிடுவதும், இக்காலத்தில் சிறு ரப்பர் நிலங்களில் பால்வெட்டுவதும் அவர்களுடைய தொழில். ஆகவே நம்முடைய தோட்டத்து ஜனங்களுக்கும் அவர்களுக்கும் பால்வெட்டும் கத்தி பொதுவானது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அவர்களைச் சாலையோரத்தில் பெத்தாய்க் கட்டு விற்கிறவர்களாக மட்டுமே அறிந்திருக்கிறோம் என்பதை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

உலு கெரோவின் காட்டில் இரண்டு அபூர்வ வஸ்துக்கள் இருக்கின்றன. ஒன்று ரஃப்ளீசியா என்ற பூ. மற்றது ராஜா புரூக் என்ற பட்டாம்பூச்சி. இவ்விரண்டின் தன்மையையும் கொஞ்சம் விரிவாக அறிந்துகொண்டாலொழிய அந்த ஊரார் செய்த காரியத்தின் அருமை விளங்காது.

ரஃப்ளீசியாவுக்கு இலை கிடையாது, தண்டு கிடையாது, மண்ணில் பாயும் வேர் கிடையாது. காட்டில் படர்கிற ஒரு கொடியின் திசுக்களுக்குள்ளே நூலிழை போன்ற உடம்போடு கண்ணுக்குத் தெரியாமல் வாழ்ந்து, தனக்கு வேண்டிய ஆகாரம் முழுவதையும் அந்தக் கொடியிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும் ஒட்டுண்ணி அது. பூக்க வேண்டிய காலம் வரும்போது மட்டும் கொடியின் பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு மொக்கு வெளியே தலைகாட்டுகிறது. அந்த மொக்கு மெல்ல மெல்லப் பருத்து, ஒரு முட்டைக்கோசைப் போலத் தரையில் கிடந்து, விரிவதற்கு ஒன்பது மாதமளவு ஆகிறது. இடையில் மழையில் அழுகியும், பிராணிகளால் கடியுண்டும், மிதியுண்டும் வீணாகிற மொக்குகளே அதிகம். தப்பிப் பிழைத்து விரிந்த பூவோ ஐந்து முதல் ஏழு நாளைக்கு மேல் நிற்பதில்லை. செங்கல் சிவப்பில் வெண்ணிறத் தழும்புகளோடு ஐந்து தடித்த இதழ்கள். அழுகிய மாமிசத்தின் நாற்றம். அந்த நாற்றத்தை நாடி வரும் ஈக்களே அதன் மகரந்தத்தைச் சுமக்கிற தூதர்கள். இதில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஈ பறந்து போகக்கூடிய தூரத்துக்குள் ஓர் ஆண்பூவும் ஒரு பெண்பூவும் ஒரே வாரத்தில் விரிந்தாலொழிய விதையில்லை. ஆகவே ஒரு மொக்கு பறிபோனால் அதனோடு இன்னொரு பூவின் சந்ததியும் போயிற்று என்று அர்த்தம்.

ஐரோப்பியர் இந்தப் பூவினத்தைக் கண்டு உலகுக்கு அறிவிக்க வழி பிறந்தது 1818-இல், சுமத்ராவின் பெங்கூலன் பகுதியில். ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸும் டாக்டர் ஜோசப் ஆர்னால்டும் காட்டு யாத்திரை போயிருந்தபோது, முதலில் அதைக் கண்டு ஓடிவந்து ஆர்னால்டை அழைத்துப் போனவர் ஒரு மலாய்ப் பணியாள். இனத்துக்கு ராஃபிள்ஸின் பெயரும், அந்த மிகப் பெரிய பூவுக்கு ஆர்னால்டின் பெயரும் நிலைத்தன; காட்டியவருடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. உலு கெரோவில் பூப்பது, சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் மேற்பார்வையாளராக இருந்த நத்தானியல் கான்ட்லியின் பெயரைத் தாங்கிய வகை. சுமத்ராவின் பூ ஒரு மீட்டரை நெருங்குமென்றால், இது அரை மீட்டரை எட்டும். தீபகற்பத்துக்கும் தியோமான் தீவுக்கும் வெளியே இது இல்லை.

இனி, தமிழ் வாசகர்களுக்கு, விசேஷமாகப் பால்மரத்தின் கீழ் வளர்ந்தவர்களுக்கு, ஒரு செய்தி. இலையும் தண்டும் இல்லாத இப்பூவை எந்தத் தாவரக் குடும்பத்தில் சேர்ப்பது என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் குழம்பினார்கள். 2007-இல் ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் டேவிஸும் அவருடைய கூட்டாளிகளும் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து வெளியிட்ட முடிவு, ரஃப்ளீசியா ஆமணக்குக் குடும்பத்தின் கிளைகளுக்கு நடுவே கிளைத்தது என்பது. ஆமணக்கும், மரவள்ளியும், வேலியோரத்துக் குப்பைமேனியும், நம் முன்னோர் விடியற்காலையில் விளக்கோடு போய்க் கீறிய பால்மரமும் அந்தக் குடும்பத்தவைதாம். மிகச் சிறிய பூக்களையே பூக்கிற இந்த வம்சத்தில் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் பிரிந்த ஒரு கிளை, உலகத்திலேயே பெரிய பூவை ஈன்றிருக்கிறது. அது ஒட்டி வாழ்கிற கொடியோ திராட்சைக் குடும்பத்தது; நம் வீட்டுத் துவையலுக்குப் பிரண்டை பறிக்கிறோமே, அந்தப் பிரண்டைக்கு உறவு. சிருஷ்டியின் இந்தப் பந்துத்துவத்தை எண்ணும்போது, உலு கெரோவின் காடு நமக்கு அந்நியமான இடமாகத் தோன்றுவதில்லை.

ராஜா புரூக் பட்டாம்பூச்சியும் அவ்வாறே. சரவாக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் 1855-இல் அதற்கு அந்நாட்டின் வெள்ளை ராஜாவான ஜேம்ஸ் புரூக்கின் பெயரைச் சூட்டினார். இன்று மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சி அதுவே. விரித்தால் ஏறக்குறைய ஒரு சாண் அகலம் இருக்கும் கருஞ்சிறகுகளின் மேல் மரகதப் பச்சையில் பல்பல்லாக வரிசை. கழுத்தில் செந்நிறப் பட்டை. பெண் பூச்சிகள் மரங்களின் உச்சியிலேயே சஞ்சரிப்பதால் கண்ணில் படுவது அரிது. ஆண் பூச்சிகளோ, கனிம உப்பு ஊறும் ஈரமண்ணை நாடிக் கூட்டங் கூட்டமாக இறங்கி, சிறகடித்தபடியே நீரை உறிஞ்சும். இதன் புழு உண்பது ஈசுவரமூலி இனத்துக் கொடிகளின் இலைகளை. மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படுகிற, நம் தமிழகத்தின் பெரிய பொன்னழகிப் பட்டாம்பூச்சிக்கும் ஈசுவரமூலியும் அதன் சுற்றமுமே தாய்ச்செடி. இரண்டும் நெருங்கிய இனத்தவை. கொடியின் கசப்பு நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்துகொள்வதால், பறவைகள் அதைத் தீண்டுவதில்லை. அந்தக் கொடி அழிந்தால் இந்தப் பூச்சி இல்லை. அதற்கு மாற்று ஆகாரம் கிடையாது.

இப்படிப்பட்ட இரண்டு ஜீவன்களுக்கும் நல்ல விலை இருந்தது என்பதுதான் துரதிர்ஷ்டம். பிரசவித்த பெண்களின் உடம்பு தேற ரஃப்ளீசியா மொக்கு மருந்து என்ற நம்பிக்கை இந்நாட்டில் பரவலாக உண்டு. ஆகவே மொக்குகளை அறுத்துத் தரகர்களுக்குக் கொடுத்தால் காசு கிடைத்தது. பட்டாம்பூச்சியைக் கண்ணாடிப் பெட்டியில் குத்தி வைக்கிற சேகரிப்பாளர்களும், நினைவுப் பொருளாக விற்கிற வியாபாரிகளும் கேட்டபடி, ஈரமண்ணில் கூடும் பூச்சிகளை வலைவீசிப் பிடித்துக் கொடுத்தாலும் காசு கிடைத்தது. உலு கெரோவின் ஜனங்கள் இதைச் செய்தார்கள். இதற்காக அவர்களைக் குறை கூறுவதற்கு நமக்கு யோக்கியதை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும் அரிசி வாங்கவும் ரொக்கம் வேண்டியிருக்கிற குடும்பம், காட்டில் கிடைக்கிற பொருளில் விலைபோகிறதை விற்கத்தான் செய்யும். மொக்குக்குப் பெரிய விலை பட்டணத்து அங்காடியில்தானே தவிர, அறுத்துக் கொடுத்தவர் கையில் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1940-இல் தோன்றிய, இந்நாட்டின் மிகப் பழைய இயற்கைப் பாதுகாப்பு ஸ்தாபனமாகிய மலேசிய இயற்கைக் கழகம், இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் உலு கெரோவுக்கு வந்தபோது, காட்டைப் பூட்டிவிட்டு மக்களை வெளியே நிறுத்த வேண்டுமென்று சொல்லியிருக்கலாம். உலகத்தின் பல சரணாலயங்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது. நல்லவேளையாக அப்படி நடக்கவில்லை. காட்டை அறிந்தவர்கள் ஊராரே என்பதை ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு வழிகாட்டித் தொழிலில் பயிற்சி தந்து, ஊராரே நடத்துகிற ஒரு சங்கம் அமைவதற்குத் துணைநின்றார்கள். அழகிய இயற்கையைப் பேணும் சுற்றுலா நண்பர்கள் என்று பொருள்படும் மலாய்ப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘செமாய்’ என்றே வரும்படி சங்கத்துக்குப் பெயர் இட்டார்கள். தங்கள் ஜாதியின் பெயரையே காட்டின் காவலுக்குக் கொடுத்த அந்த மக்களின் மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கணக்கு மிக எளிது. அறுத்து விற்ற மொக்கு ஒரு முறை காசாகும். அதே மொக்கைக் கொடியிலேயே விட்டு, அது விரிகிற வாரத்தில் பத்துப்பேரை அழைத்துப்போய்க் காட்டினால், வழிகாட்டின கூலி பத்துமுறை வரும். பூ ஈயின் தயவால் காய்த்தால் அடுத்த தலைமுறையும் உண்டாகும். பட்டாம்பூச்சி செத்துப் பெட்டிக்குள் போனால் ஒருநாள் கூலி; உயிரோடு ஈரமண்ணில் இறங்கினால் வருகிறவர்கள் மறுபடியும் வருவார்கள். இந்தக் கணக்கை ஒரு பொருளாதார நிபுணர் எழுதிக் காட்டுவது எளிது. இன்று கையில் வரக்கூடிய ரொக்கத்தை விட்டுவிட்டு, வருவார்களோ மாட்டார்களோ என்று தெரியாத விருந்தாளிகளை நம்பி ஒன்பது மாதம் ஒரு மொக்கைக் காத்திருப்பது எளிதன்று. அந்தத் துணிவை முதலில் காட்டிய குடும்பங்களை அண்டை வீட்டார் சந்தேகத்தோடு பார்த்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது என்பது முதல் ஒழுங்கு. இது பணத்துக்காக வைத்த விதியென்று சில விருந்தாளிகள் நினைப்பதுண்டு, அது அறியாமை. ரஃப்ளீசியாவின் மொக்குகள் தரைமட்டத்திலும் சருகுக்குள்ளும் கிடக்கின்றன. அறியாதவர் வைக்கிற ஒரு காலடியில் ஒன்பது மாதத்து வளர்ச்சி நசுங்கிப்போகும். கொடியின் வேர் ஓடும் இடத்தில் மண் மிதிபட்டு இறுகினாலும், கொடி நோய்ப்பட்டு, அதனுள் வாழும் செடியும் மடியும். எந்த மொக்கு எந்த வாரத்தில் விரியும் என்பதை நிறத்தையும் பருமனையும் பார்த்துச் சொல்லுகிற ஞானம், அனுதினமும் அந்த வழியே நடக்கிறவனுக்கே சித்திக்கிறது. முன்பு அறுப்பதற்காக மொக்குகளைத் தேடித் திரிந்த கண்களே இப்போது அவற்றைக் காவல்காக்கின்றன; அந்தக் கண்களின் கூர்மையை எந்தப் பாடப் புத்தகத்திலிருந்தும் பெற்றிருக்க முடியாது.

ஒரு குறையைச் சொல்லாமல் விடலாகாது. விருந்தாளியை நம்பிய ஜீவனம், விருந்தாளி வராத காலத்தில் தத்தளிக்கும். கொரோனாத் தொற்றின்போது தேசமெங்கும் வழிகள் அடைபட்ட மாதங்களில், இப்படிப்பட்ட கிராமங்களின் வழிகாட்டிகள் வேறு வேலைக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது. விருந்தாளிகள் மிகுதியாக வந்தாலும் உபத்திரவமே. பூவோடு படம் பிடித்துக்கொள்ளும் ஆவலில் கயிற்றைத் தாண்டுகிறவர்களும், இதழைத் தொட்டுப் பார்க்கிறவர்களும் எந்தக் காட்டிலும் உண்டு. எத்தனைபேர் வந்தால் போதும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஊராரிடமே இருப்பதுதான் இதற்குப் பரிகாரம். பெரிய சுற்றுலாக் கம்பெனிகளின் கைக்கு அது போய்விட்டால் கணக்கு மறுபடியும் பழையபடி ஆகிவிடும்.

நம் முன்னோர் வந்த தமிழகத்துப் பழைய அனுபவமும் இதையே காட்டுகிறது. செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஏரிக்கு வருகிற பறவைகளை யாரும் சுடலாகாது என்று, கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் அந்த ஊராருக்கு உறுதி எழுதிக் கொடுத்தார். அது சர்க்கார் யோசித்துக் கண்டுபிடித்த திட்டமன்று. ஊரார் கேட்டு வாங்கியது. ஏரியின் நடுவேயுள்ள கடப்ப மரங்களில் கூடுகட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாவதை அனுபவத்தில் கண்ட குடியானவர்கள், பறவைக்கும் நெல்லுக்கும் உள்ள சம்பந்தத்தை எந்தச் சாஸ்திரமும் சொல்லுவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். சிவகங்கைப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வந்து தங்கும் பறவைகள் வெருளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. வெடி கேட்டு அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்தும் அந்த ஊர்த் தாய்மார்களின் பொறுமையையும் நாம் அந்தச் சரணாலயத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கோப்பெங்குக்கு மேற்கே பத்துகாஜாவை அடுத்த பழைய ஈயக்குட்டைகளில் நடந்திருப்பது சற்று வேறானது. சுரங்கக்காரர்கள் போனபின், யாரும் திட்டமிடாமலே நாணலும் கோரையும் முளைத்து, மீன் பெருகி, நாரைகளும் கொக்குகளும் இராக்கொக்குகளும் ஆயிரக்கணக்கில் வந்து கூடுகட்டத் தொடங்கின. சாம்பல் நாரை, செந்நாரை, பெருவெண்கொக்கு முதலியவை அங்கே குஞ்சு பொரிப்பதைக் கண்ட பறவை ஆர்வலர்கள், பல வருஷமாக எழுதியும் பேசியும் அதைக் கிந்தா இயற்கைப் பூங்கா என்ற பெயரோடு பிரசித்தப்படுத்தினார்கள். ஆனால் மணல் எடுப்பவர்களின் லாரிகளும் குட்டையைத் தூர்க்கிற நிலத் தேவைகளும் ஓயவில்லை. அங்கே பறவையை நம்பி ஜீவிக்கிற ஊர் ஒன்றும் குட்டைக் கரையிலேயே இல்லை என்பது, என் அபிப்பிராயத்தில், உலு கெரோவுக்கும் அதற்கும் உள்ள பெரிய வேறுபாடு. தூரத்திலிருந்து வருகிற அன்பு ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது; லாரியோ திங்கட்கிழமையிலும் வருகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பசுமையைக் காப்பதும் ஏழைகளுக்கு வீடு கொடுப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று ஆக்கிவிடுவது அதிகாரத்திலுள்ளவர்களுக்குச் சௌகரியமான வழி. கோலாலம்பூரில் புக்கிட் கியாரா என்ற ரப்பர் தோட்டம் சர்க்காரால் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, அங்கே பால்வெட்டிய தமிழ்க் குடும்பங்களைத் தற்காலிகம் என்று சொல்லி 1980-களில் நீளவீடுகளில் குடிவைத்தார்கள். அந்தத் தற்காலிகம் ஒரு தலைமுறையைக் கடந்து நீடித்தது. பின்னர், பக்கத்திலிருந்த சுமார் 25 ஏக்கர் ரிம்பா கியாரா பூங்காவில் 12 ஏக்கரை எடுத்து, விலையுயர்ந்த அடுக்குமாடிகளை எழுப்பி, அதனோடு ஒரு கட்டடத்தில் நீளவீட்டாருக்கும் வீடு தருவதாகத் திட்டம் போட்டார்கள். பூங்காவில் நடந்து பழகிய தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்புவாசிகள் 2017-இல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி, நாட்டின் உச்ச நீதிபீடமான கூட்டரசு நீதிமன்றம், அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பூங்கா பிழைத்தது. வழக்காடிய காலத்தில் மரத்தை நேசித்தவர்களும் வீட்டுக்குக் காத்திருந்தவர்களும் எதிரெதிர் அணி என்பதைப் போன்ற தோற்றம் ஒன்று உண்டாக்கப்பட்டது. உண்மையில், நீளவீட்டார் குடியிருக்கும் அந்த இடத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டித் தந்தால் ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. அந்தக் காட்டைத் தோட்டமாக இருந்த நாள் முதல் காத்து வளர்த்தவர்களுக்கு அதன் ஓரத்தில் ஓர் உறுதியான கூரை கிடைக்காத வரையில், அந்தத் தீர்ப்பில் பாதி நியாயமே நிறைவேறியிருக்கிறது.

குடியிருக்கும் மண்ணில் யாருக்கு உரிமை என்ற இதே கேள்வி உலு கெரோவிலும் அடியில் கிடக்கிறது. 1954-ஆம் வருஷத்துப் பூர்வகுடி மக்கள் சட்டத்தின்படி, அவர்கள் வாழும் நிலத்தை மாநில அரசாங்கம் அவர்களுக்கென்று ஒதுக்கலாம். அந்த ஒதுக்கீட்டை நீக்கவும் செய்யலாம். 1997-இல் ஜொகூரில் அடோங் பின் குவாவ் வழக்கிலும், 2002-இல் சிலாங்கூரில் சாகோங் பின் தாசி வழக்கிலும், பரம்பரையாக வாழ்ந்த நிலத்தின்மேல் பூர்வகுடிகளுக்கு உரிமை உண்டென்று நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டன. ஆயினும் ஒவ்வொரு கிராமமும் தன் உரிமையைத் தனித்தனியே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பட்டா இல்லாத மண்ணில் மொக்கைக் காப்பவனுக்கு, மலைமேல் மரம் வெட்டும் உத்தரவு ஒன்று வந்தால் என்ன செய்வது என்ற பயம் எப்போதும் இருக்கும். கங்காணி காட்டிய இடத்தில் குடியிருந்து, கம்பெனி விற்ற அன்றே வெளியேறிய நம் தோட்டத்து மக்களுக்கு இந்தப் பயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பெங்கிலும் ஈப்போவிலும் உள்ள தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகளைக் குகை பார்க்கவும் மாளிகை பார்க்கவும் அழைத்துப் போகிறீர்கள். ஒருமுறை உலு கெரோவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். பூ விரிந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டறிந்து, விரியாத வாரமானால் பட்டாம்பூச்சிக்காகவாவது, அதுவும் மழையால் இறங்காத நாளானால் செமாய்ப் பெரியவர் ஒருவர் காட்டு மரங்களுக்குப் பெயர் சொல்லக் கேட்பதற்காகவாவது போகலாம். வழிகாட்டியின் கூலியைப் பேரம் பேசக்கூடாது. திரும்பி வந்தபின் பள்ளி வளாகத்தின் ஓரத்திலும் கோயில் நிலத்தின் ஓரத்திலும் நாலு எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நட்டு வளர்க்கலாம். அவற்றின் இலைகளில் வரும் பச்சைப் புழுக்களைப் பூச்சியென்று நசுக்கிவிடாமல் விட்டுவைத்தால், மூன்று நான்கு வாரங்களில் கருஞ்சிறகுப் பட்டாம்பூச்சிகள் வகுப்பறை ஜன்னலருகே பறக்கும். லயத்து வீடுகளின் பின்கட்டில் நம் பாட்டிமார் இந்த இரண்டு செடிகளையும் தவறாமல் வைத்திருந்தார்கள். தாமான் வீடுகளின் சிமெண்ட் முற்றத்தில் தொட்டியில் வைத்தாலும் அவை வளரும்.